ஆரபி என்று நான் சொன்ன தேவகாந்தாரி

கர்நாடக இசைத் தேர்வின் செய்முறையில், தேர்வாளர் கொஞ்சம் ஆலாபனை (பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பது) பாடிவிட்டு, "என்ன ராகம்மா?" என்றார். ஏறும்போது ச ரி ம ப த ச. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. மனசுக்குள் ஸ்வரங்களைப் பொறுக்கி எடுத்து, "ஆரபி" என்றேன் தெம்பாக. "நான் அவ்வளவு அவசரமாவா பாடினேன்?" என்று சிரித்தார். அது தேவகாந்தாரி.

இரண்டுக்கும் ஆரோகணம், அவரோகணம், அதாவது ஸ்வரங்கள் ஏறும் வரிசையும் இறங்கும் வரிசையும், ஏறக்குறைய ஒன்றுதான். ஆரபி துள்ளி ஓடும்; அதில் காந்தாரமும் (க) நிஷாதமும் (நி) தொட்டும் தொடாமலும் போய்விடும். தேவகாந்தாரி விளம்பமாக, மெதுவாக, அதே ஸ்வரங்களில் நின்று, நீட்டி, அசைத்துப் போகும். நோட்டில் எழுதினால் இந்த வித்தியாசம் தெரியாது. நான் படித்ததெல்லாம் நோட்டில்தான்.

எழுத்துத் தேர்வுக்கு நோட்டு போதும். 72 மேளகர்த்தாக்களையும் (தாய் ராகங்கள்) மனப்பாடம் செய்ய மெனக்கெட வேண்டாம், பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறை தெரிந்தால் சரி. மாயாமாளவகௌளை என்றால் 'மா'வுக்கு 5, 'யா'வுக்கு 1. திருப்பிப் போட்டால் 15, அதுதான் அதன் மேள எண். தமிழில் க, ச, ட, த, ப வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து என்பதால் இங்கே சறுக்கும். சமஸ்கிருத உச்சரிப்பை வைத்துத்தான் எண்ண வேண்டும். அப்புறம், எண்ணோடு 36-ஐக் கூட்டினால் மத்யமம் (ம) மட்டும் மாறும்: 29 சங்கராபரணம், 65 கல்யாணி. இதை எப்படியும் கேட்பார்கள்.

ராகம் கண்டுபிடிப்பதற்கு வழி வேறு. அந்தத் தேர்வுக்குப் பிறகு என் ஆசிரியை நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். ராகத்துக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஆரபிக்குப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தில் ஒன்றான 'சாதிஞ்செனே', தேவகாந்தாரிக்கு 'க்ஷீரசாகர சயன'. இரண்டும் தியாகராஜருடையவை. காதில் விழும் ஆலாபனைக்கு அடியில் எந்தப் பல்லவி தானாக ஒட்டிக்கொள்கிறதோ, அதுதான் ராகம். ஒட்டவில்லையென்றால் பிடியை, அதாவது அந்த ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் ஸ்வரக் கோவையை, தேட வேண்டும். மத்யமாவதியோ என்று மயங்கும்போது இறக்கத்தில் ஒரு 'ரி க ரி ச' வந்து விழுந்தால் அது ஸ்ரீராகம். மத்யமாவதியில் காந்தாரமே கிடையாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் மோகனத்தையும் ஹம்ஸத்வனியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப வரை இரண்டும் ஒன்று. அதற்கு மேல் மோகனத்தில் தைவதம் (த), ஹம்ஸத்வனியில் நிஷாதம். சுருதிப்பெட்டியைப் போட்டு, பஞ்சமத்தில் (ப) நின்று, ஒரு தடவை 'த', ஒரு தடவை 'நி' என்று மாற்றிப் பாடிப் பாருங்கள். நான் ஒரு வாரம் இதைத்தான் செய்தேன். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், "இன்னும் அடுத்த பாடம் வரலியாம்மா?"

மறு வருஷமும் தேவகாந்தாரியே வரும் என்று காத்திருந்தேன். முகாரி கேட்டார்கள்.