இடதுகால் குறிப்பேடு

ஜூன் 10
புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பிரித்தபோது, ஆறத் தொடங்கியிருந்த ஓரமும் பஞ்சோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. வாசற்படியில் லேசாக இடித்துக்கொண்ட இடம்தான். வலது காலில் பட்டிருந்தால் ஒரு சிராய்ப்போடு போயிருக்கும்.

ஜூன் 12
மேட்டூரைத் திறந்துவிட்டார்களாம். புண் அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 15
தஞ்சாவூர்த் தோல் மருத்துவர் சதைப் பரிசோதனை முடிவையும் இரத்த முடிவையும் அருகருகே வைத்துக்கொண்டு பேசினார். நரம்புச் சுருள் என்றும் வயதின் தளர்ச்சி என்றும் சொல்லி அனுப்பியவர்கள் உண்டு. சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. தொழுநோயோ என்று பஞ்சாலும் ஊசியாலும் தொட்டு உணர்ச்சி பார்த்தார்கள். வெளிநாட்டில் காட்டுப் பக்கம் இருந்தீர்களா என்று முதன்முதலாகக் கேட்டவர் இவர்தான். மகளின் பிரசவத்துக்குப் போய் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தங்கியதையும், மாலைதோறும் குழந்தையை வண்டியில் வைத்துக் காட்டோரப் புல்வழியில் தள்ளிக்கொண்டு நடந்ததையும் சொன்னேன். உண்ணிக் கடியால் தொற்றும் லைம் நோய் என்றார். அங்குள்ள உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவுதான். கடித்ததே தெரியாமல் போகும். கடிவாயைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிவது முதற்கட்டம். எனக்கு அது வரவேயில்லையா, வந்தும் புடவைக்குள் மறைந்திருந்ததா, யார் கண்டது. பல ஆண்டுகள் கழித்துத் தோலில் தலைகாட்டும் இந்தப் பிந்தைய வடிவம் ஐரோப்பாவில்தான் மிகுதி, அதிலும் நடுவயது கடந்த பெண்களிடம். பெரும்பாலும் பொர்ரீலியா அஃப்செலி என்னும் கிருமியால் வருகிறது. முதலில் நீலங்கலந்த சிவப்பும் மெத்தென்ற வீக்கமும் தோன்றும். பிறகு தோல் மெலிந்து சுருங்கி, உள்ளே ஓடும் இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். அப்படி மெலிந்த தோல் சிறு அடிக்கும் கிழிந்துவிடும், மெதுவாகவே மூடும்.

நான்கு ஆண்டுகளாக என் காலில் நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் வரிசை மாறாமல் சொன்னார்.

ஜூன் 16
கிருமியைக் கொல்லும் டாக்சிசைக்ளின் மாத்திரை 100 மி.கி., காலையும் இரவும், நான்கு வாரம். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, பாலோடு சேர்க்கக் கூடாது, வெயில் ஆகாது. காப்பியைத் தள்ளிப்போடுவதுதான் இவற்றுள் கடினம்.

ஜூன் 18
மாத்திரை தொடங்கியதும் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம் என்றார், வரவில்லை. கிருமிகள் மடியும்போது வரும் அந்தக் காய்ச்சல் ஹெர்க்ஸ்ஹைமர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இந்தத் தோல் மெலிவுக்கு 1902இல் ஹார்ட்மனுடன் சேர்ந்து பெயரிட்டவரும் அதே பிராங்க்பர்ட் மருத்துவர்தான். புக்வால்ட் என்பவர் பிரெஸ்லாவில் 1883இலேயே இதை விவரித்துவிட்டார். 1940களின் இறுதியில் ஸ்வீடனில் பென்சிலின் கொடுத்துக் குணமும் கண்டார்கள். கிருமி இன்னதென்று அமெரிக்க ஆய்வாளர் பர்க்டார்ஃபர் வெளியிட்டதோ 1982இல். எதிரி யாரென்று தெரியாமலே மருந்து கொடுத்திருக்கிறார்கள்! ஹெர்க்ஸ்ஹைமர் யூதர் என்பதால் நாஜி முகாமில் அடைக்கப்பட்டு 1942இல் தெரேசியென்ஷ்டாட்டில் இறந்தார் என்று படித்தபின் உறக்கம் வரவில்லை.

ஜூன் 24
எதிர்வீட்டுத் தங்கம் வந்து, "அக்கா, வேளாரிடம் சொல்லி அக்கி எழுதிக்கொள்ளுங்கள், காவி பட்டால் எரிச்சல் அடங்கும்" என்றாள். அக்கி கொப்புளமாக வரும், இதில் கொப்புளமே இல்லை என்றேன். அப்படியானால் குப்பைமேனியாவது அரைத்துப் போடுங்கள் என்றாள். அவளுடைய அன்பில் குறையில்லை. ஆனால் இந்தத் தோலின்மேல் எதையும் தேய்க்க என்னால் ஆகாது, பிளாஸ்திரியைக்கூட நான் ஒட்டுவதில்லை. வாஸ்லின் தோய்த்த வலைத்துணியை வைத்து, அதன்மேல் மெல்லிய துணிச்சுருளைத் தளர்வாகச் சுற்றுகிறேன்.

ஜூலை 2
குறுவை நடவு. வரப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். எலிக்காய்ச்சல் கிருமியும் என் காலின் கிருமியைப் போலச் சுருள்வடிவக் கூட்டத்தைச் சேர்ந்ததாம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரிலிருந்து புண் வழியாக உள்ளே நுழையுமாம். அதற்கும் இதே டாக்சிசைக்ளின் பயன்படும் என்பதைக் கேட்டதும், பிறகேன் சேற்றில் இறங்கக் கூடாது என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஜூலை 7
எரிகிறது. எழுத மனமில்லை.

ஜூலை 14
மாத்திரை முடிந்தது. வீக்கம் வடிந்திருக்கிறது, நிறமும் ஓரளவு வெளுத்திருக்கிறது. சுருக்கம் மட்டும் சுருக்கமாகவே இருக்கிறது. மெலிந்துவிட்ட தோல் பழையபடி தடிக்காது என்று மருத்துவர் முதல்நாளே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மருமகன் தொலைபேசியில், "அத்தை, இன்னும் ஒரு மாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்" என்கிறார். இரத்தத்தை மறுபடி சோதிக்கலாம் என்றும் சொல்கிறார். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், கிருமி போனபின்னும் ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கும் என்பதால் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. நோய் தீர்வது வேறு, நோய் தின்றுவிட்ட தோலில் புண் மூடுவது வேறு. மாத்திரை முதலாவதற்குத்தான், இரண்டாவதற்குக் கட்டும் காலமும்தான் வேண்டும், அதை மாத்திரையால் விரைவுபடுத்த முடியாது. இதை மகளிடம் சொன்னால், அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்கிறாள்.

ஜூலை 23
ஓரத்தில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு. புதுத்தோலாக இருக்கலாம். தொடவில்லை.

ஜூலை 29
பாதத்தின் மரமரப்பு குறையவில்லை. வெந்நீரைக் கையால் பார்த்த பிறகே காலில் ஊற்றுகிறேன். புண் ஒரு மிளகளவு சுருங்கியிருக்கிறது. கண் என்னை ஏமாற்றுகிறதோ என்று பேரனின் அளவுகோலை வாங்கி மறுபடி பார்த்தேன், சுருங்கித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3
பதினெட்டாம் பெருக்கு. குடமுருட்டியில் நிறையத் தண்ணீர். எல்லோரும் இறங்கினார்கள், நான் மேல்படியில் உட்கார்ந்து காதோலை கருகமணியை எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 5
இடது முழங்கை எலும்பின்மேல் கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது, வலியில்லை. இந்த நோயில் முழங்கையருகே இப்படி முடிச்சுகள் வருவதுண்டு என்று அவர் சொன்ன ஞாபகம். முன்பே இருந்ததா, மாத்திரைக்குப் பின் வந்ததா? திங்கட்கிழமை தஞ்சாவூர் போகும்போது காலுக்கு முன்னால் கையைக் காட்ட வேண்டும்.