முகம் ஒருத்தருடையது, படம் இன்னொருத்தருடையது

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் அம்பேத்கர் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில சுவர்களில் வேலை பிரமாதமாக இருக்கும், கண்ணாடி ஃபிரேமுக்குக் கீழே கன்னத்துச் சதை லேசாகப் பிதுங்குவது வரை வந்திருக்கும். சில சுவர்களில் மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, காது ஒன்று மேலே ஒன்று கீழே. ஆனாலும் யாரும் நின்று இது யாரென்று கேட்டதில்லை. வட்டக் கண்ணாடி, ஏறிய நெற்றி, நீலக் கோட், பையில் பேனா, இவ்வளவு இருந்தால் ஆள் வந்துவிடுவார். எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், பெரியாருக்குத் தாடி. மூக்கு சரியில்லை என்பதற்காக அழித்துவிட்டு மறுபடி வரையச் சொன்ன தெருவை நான் இதுவரை கேள்விப்படவில்லை.

அதனால் உருவப்படம் என்றாலே "அச்சு அசலா இருக்கா" என்று மட்டும் பார்க்கிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒரு வழக்கு உண்டு. எந்த முகத்தைப் படமாகப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இதை வரையச் சொன்னது யார்? உட்கார்ந்தவர் ஒருத்தர், வரைந்தவர் ஒருத்தர், கேட்டவர் ஒருத்தர். பல நேரம் அந்த மூன்றாவது ஆள் படத்திலேயே இருக்க மாட்டார், ஆனால் படத்தில் முக்கால்வாசி அவர் முடிவு பண்ணியதாகத்தான் இருக்கும். சுவரில் இருக்கிற அம்பேத்கரைக் கேட்டது அந்தத் தெரு. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பெயின்ட் வாங்கிக் கொடுத்து, சாரம் கட்டிக் கொடுத்து. கோட் போட்டு நிமிர்ந்து நிற்கிற ஒருவர் அவர்களுக்கு வேண்டும். மூக்கெல்லாம் அப்புறம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பேனர் காலத்து ஆள். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைக் காலி பண்ணிய பிறகு இப்போது அவருக்கு வருவது பெரும்பாலும் இறந்துபோனவர்கள் படம்தான். வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் போட்டோக்களைப் பார்க்க வேண்டும், வாக்காளர் அட்டையில் திருடன் மாதிரி முழிக்கிற ஒரு சதுரம், இல்லையென்றால் யாரோ ஒருவர் கல்யாண ஆல்பத்தில் பந்தியில் குனிந்து சாப்பிடும்போது விழுந்த பாதி முகம். அதை வைத்துக்கொண்டு அவர் முழு ஆளை எடுக்க வேண்டும். ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்தான். காசிமேட்டில் மீன் விற்ற அம்மா, போய்ச் சேர்ந்துவிட்டார். படம் பாதி ஆகியிருந்தது. நின்று பார்த்தான்.

"அண்ணே, கொஞ்சம் கலரா போட்டுருண்ணே."

"கலரா போட்டா உங்க அம்மா வரமாட்டாங்க நைனா."

"அப்ப கம்மலாவது பெருசா போடு. அவங்க கம்மல் அடகுலயே மூழ்கிப் போச்சு."

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கம்மல் போட்டார், ஏழு கல் வைத்தது, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி. நிறத்தைத் தொடவில்லை, இடது பக்கமிருந்து வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிவிட்டார். கண்ணைக் கடைசியில்தான் முடித்தார். கருவிழியில் வைக்கிற அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம், ஒரே உயரத்தில் விழ வேண்டுமாம், ஒரு நூல் தள்ளினாலும் ஒன்றரைக் கண் ஆகிவிடும். பிரஷ்ஷை மூச்சுப் பிடித்து வைத்து எடுத்துவிட்டு நாலடி பின்னால் போய்ப் பார்த்தார். பையனுக்கு நிறத்தைப் பற்றிய பேச்சே மறந்துபோனது.

இந்தக் கம்மல் விவகாரம் ரொம்பப் பழசு. எகிப்தில் ரோமானியர் ஆண்ட காலத்தில், கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை, பதப்படுத்திய பிணத்தின் முகத்துக்கு மேலே மரப்பலகையில் வரைந்த முகம் ஒன்றை வைத்துத் துணியோடு சேர்த்துச் சுற்றிவிடுவார்கள். மெழுகில் நிறம் கலந்து வரைந்தவை நிறைய. ஃபையூம் என்ற பகுதியில் அதிகம் கிடைத்ததால் ஃபையூம் படங்கள் என்கிறார்கள், இன்றைக்குச் சுமார் 900 இருக்கின்றன. பெரிய கண், நேராக நம்மைப் பார்க்கிற பார்வை, அதில் அதே வெள்ளைப் பொட்டு. பெண்களுக்குக் காதில் முத்து, கழுத்தில் மணி, சிலவற்றில் நகைக்கும் தலையில் சூடிய இலைக்கும் அசல் தங்க ரேக்கே ஒட்டியிருக்கிறார்கள். அந்த நகையெல்லாம் உயிரோடு இருந்தபோது அவர்கள் பெட்டியில் இருந்ததா, அடகுக்குப் போனதா, யாருக்குத் தெரியும்.

கேட்டவர் ஏமாந்த கதையும் உண்டு. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றிக்கு நாலாவது கல்யாணத்துக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ஜெர்மனி பக்கம், கிளீவ்ஸ் வீட்டு ஆன். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை, அதனால் அரண்மனை ஓவியர் ஹோல்பைனை 1539-ல் அனுப்பி வரைந்து வரச் சொன்னார். நம் ஊரில் தரகர் கொண்டுவருகிற, ஸ்டுடியோவில் டச்சிங் பண்ணிய பெண் போட்டோ மாதிரிதான். படத்தைப் பார்த்து ராஜா சரி என்றார், ஆளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. ஹோல்பைனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்யாணத்தை முடித்துவைத்த மந்திரி கிராம்வெல் தலைதான் போனது, அவர் மீது வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன என்றாலும். அந்தப் படம் இன்றும் பாரிஸில் லூவ்ரில் இருக்கிறது. பார்த்தால் நல்ல சாந்தமான முகம். எனக்கென்னவோ தப்பு ராஜா கண்ணில்தான் என்று தோன்றும்.

இன்னொரு ராஜா கேட்டது வேறு மாதிரி. முகலாய பாதுஷா ஜஹாங்கீர் அரசவையில் இனாயத் கான் என்று ஒரு அதிகாரி, அபினும் மதுவும் தின்று தீர்த்த உடம்பு. 1618-ல் ஊருக்குப் போக அனுமதி கேட்டு அவரைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவரைப் பார்த்த ஜஹாங்கீர் ஆச்சரியப்பட்டுப்போய், ஓவியர்களைக் கூப்பிட்டு வரையச் சொல்கிறார். வரைந்தார்கள். திண்டில் சாய்ந்து, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய, கண் எங்கேயோ. அந்த மனிதர் சீக்கிரமே இறந்துபோனார். முகலாய ஓவியத்தில் இதைவிட உண்மையான முகம் நான் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கேட்டவர் மேல் கொஞ்சம் கோபமும் வரும். சாகக் கிடக்கிறவனிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரை மொபைலில் எடுக்கிறவர்களைத் திட்டுகிறோம், இங்கே எடுத்தவர் பாதுஷா.

நம்ம பக்கத்துக்கு வருவோம். பாரிமுனையில் பஸ் மாறுகிற நம்மில் எத்தனை பேர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற மியூசியத்துக்குப் போயிருக்கிறோம்? நடக்கிற தூரம்தான். 1795-ல் கட்டிய கட்டடம், 1948-ல் இருந்து மியூசியம். மாடியில் இங்கிலாந்து ராஜா ராணிகளும் கவர்னர்களும் ஆளுயரத்துக்கும் மேலே எண்ணெய் வண்ணத்தில் நிற்கிறார்கள். இந்த வகைப் படங்களுக்கென்றே ஒரு செட் உண்டு, பின்னால் ஒரு தூண், அதில் சுருட்டிக் கட்டிய சிவப்புத் திரை, தூரத்தில் கருமேகம், கை ஒன்று வாள் மேல். கேட்டவர்கள் எல்லோருக்கும் தூணும் திரையும் வேண்டியிருந்தது. இந்தத் தூணும் திரையும்தான் பிற்பாடு ஜார்ஜ் டவுன் போட்டோ ஸ்டுடியோக்களில் பெயின்ட் அடித்த பின்திரையாக வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எங்கள் தாத்தா அரண்மனைப் படிக்கட்டில் கையூன்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

இங்கிலாந்திலிருந்து இதற்கென்றே கப்பலேறி வந்தவர்கள் உண்டு. டில்லி கெட்டில் என்ற ஓவியர் 1769-ல் மெட்ராஸில் வந்து இறங்கினார், ஆங்கிலத் தொழில்முறை ஓவியர்களில் இந்தியாவுக்கு முதலில் வந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் படம் போட்டுக்கொண்டார்கள், ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவும் போட்டுக்கொண்டார். நவாபுக்கு அப்போது கடன் கழுத்து வரை, வெள்ளைக்கார வியாபாரிகளிடம் வாங்கியது. படத்தில் அதெல்லாம் தெரியாது. வைரமும் முத்தும் மஸ்லினுமாக நிற்பார். ரவி வர்மா கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், திருவிதாங்கூருக்கு வந்த தியடோர் ஜென்சன் வரைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே எண்ணெய் வண்ணம் பிடிபட்டது, 1873-ல் மெட்ராஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அதன் பிறகு படம் கேட்டு வந்த ராஜாக்களுக்கும் கவர்னருக்கும் குறைவில்லை.

1839-ல் போட்டோ வந்ததும் கேட்பது மலிவாகிவிட்டது. அப்புறம் ஓவியனுக்கு என்ன வேலை? இந்த ஊரில் அந்த வேலை சினிமாவுக்கும் கட்சிக்கும் போனது, அதுவும் ராட்சச அளவில். கட்-அவுட் செய்கிறதை அண்ணன் சொல்லிக் கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கையகல ஸ்டில்லில் கட்டம் போடுவார்கள், அதே கட்டத்தைப் பெரிசாக்கிப் பலகையில். ஒரு பிளைவுட்டில் நெற்றி, அடுத்ததில் ஒரு கண், இன்னொன்றில் மீசையும் பாதி உதடும், எல்லாம் தரையில் கிடக்கும், வரைகிறவர் கதாநாயகனின் கன்னத்தின் மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார். கிட்டத்தில் பார்த்தால் முகத்தில் ரோஸும் பச்சையும் நீலமும் தாறுமாறாக இருக்கும். சவுக்குக் கட்டையில் ஏற்றிக் கட்டி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினால்தான் ஆள் வந்தாரா இல்லையா என்று தெரியும். வராவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகச் சாரத்தில் ஏற வேண்டும். தண்டையார்பேட்டை அகஸ்தியா வாசலில் அப்படி நின்ற முகங்களை அண்ணாந்து பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். 1967-ல் திறந்த தியேட்டர், 2020-ல் மூடிவிட்டார்கள். தொழில் அதற்கு முன்னாலேயே மூடியாகிவிட்டது.

முகமே இல்லாதவருக்கும் படம் கேட்டிருக்கிறோம். திருவள்ளுவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த அந்தத் தாடி, கொண்டை, ஓலைச்சுவடி, வெள்ளைத் துணி 1964-ல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டு, அங்கிருந்து அரசு அலுவலகம், பாடப்புத்தகம், பஸ் என்று போய், இன்றைக்குக் குழந்தைகூட "இது வள்ளுவர் தாத்தா" என்று சொல்லும். அவர் நெற்றியில் எந்த மதக்குறியும் கிடையாது. கேட்ட ஊருக்கு அது முக்கியம். இப்போது நெற்றியில் எதையாவது பூசிப் புதுப்படம் போடுகிறவர்களுக்கும் அவர்களுடைய தேவை ஒன்று இருக்கிறது. சண்டை வள்ளுவரைப் பற்றியதே இல்லை.

யாரும் கேட்காத படமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1656-ல் திவாலானார், வீடு வாசல் ஏலத்துக்குப் போனது, ஆனாலும் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை வரைவதை விடவில்லை. தொங்கின கன்னம், பருத்த மூக்கு, எதையும் சரிபண்ணவில்லை. 1669-ல், செத்துப்போன அதே வருஷமும் வரைந்திருக்கிறார். ஓவியக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே, பெரியமேட்டை ஒட்டி, 1850-ல் இருந்து இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் சென்ட்ரலில் தரையில் உட்கார்ந்து, மூட்டையில் தலைவைத்துத் தூங்குகிறவர்களை மளமளவென்று ஸ்கெட்ச் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தூங்குகிறவருக்குத் தெரியாது, முழிப்பதற்குள் முடிக்க வேண்டும். ஒரு முறை எட்டிப் பார்த்தேன். பென்சிலில் ஒரு போர்ட்டர், திறந்த வாய், பித்தளை வில்லை. கோட்டை மாடியில் நிற்கிற அத்தனை கவர்னர்களையும்விட எனக்கு அந்தப் படம் பிடித்தது.

அண்ணனிடம் அப்பா படம் ஒன்று போடலாம் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்குக் கல்யாணம் ஆன புதிதில் எடுத்த போட்டோதான் வேண்டும், அடர்த்தியான மீசை, காலர் பெரிசாக வைத்த சட்டை. தங்கச்சி ஒரே பிடியாக மறுக்கிறாள். "அந்த மீசைக்காரர் யாருன்னே எனக்குத் தெரியாது, எனக்கு நரைச்ச அப்பாதான் வேணும்" என்கிறாள். அம்மா அதற்கு, "நரைச்சவர நீங்க வெச்சுக்குங்க, எனக்குத் தனியா ஒண்ணு போடுங்க" என்று விட்டார். அண்ணனிடம் போய் இரண்டு போட்டோவையும் காட்டினேன், ஒன்றுதான் போட முடியும், காசு அவ்வளவுதான் இருக்கிறது என்றும் சொன்னேன். மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வூட்ல பேசி முடிவு பண்ணிட்டு வா, நான் ஆள எடுத்துடுறேன், அட்வான்ஸ் மட்டும் இப்பவே குடுத்துட்டுப் போ" என்றார்.