அடித்தவன் உள்ளே, அடிபட்டவன் வெளியே

‘வேண்டாம் சார்’ என்று அடிபட்டுக் கிடந்தவன் சொன்னது, நான் கையசைத்து அவன் அணியின் சிகிச்சையாளரான பிசியோவைக் கூப்பிடுவதற்கு முன்பா, பின்பா? நான் கால்பந்து நடுவர்; மூன்று வாரமாக மண்டைக்குள் இதுதான் ஓடுகிறது. பின்பு என்றால் நான் செய்தது சரி. முன்பு என்றால், ஓர் ஆட்டக்காரனை நானேதான் தள்ளித் தள்ளி சிவப்பு அட்டை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன்.

71வது நிமிடம், 1-1. 6ஆம் எண் ஆட்டக்காரன் பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பினான். எதிரணிக்காரன் அரை நொடி தாமதமாக வந்து கணுக்காலில் மிதித்துவிட்டான். விசில், ஃப்ரீ கிக். அட்டை காட்டவில்லை. கவனக்குறைவாகக் காலை விட்டால் பவுலோடு முடிந்தது. எதிராளிக்கு என்ன ஆகும் என்ற நினைப்பே இல்லாமல் பாய்ந்தால்தான் மஞ்சள் அட்டை. இவன் கடைசி நேரத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், நான் கண்ணால் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அது வெறும் பவுல்தான் என்பேன்.

6ஆம் எண் எழுந்திருக்கவில்லை. குனிந்து, “டாக்டர் வேணுமா தம்பி?” என்று கேட்டேன். கேட்கும்போதே என் கை உயர்ந்துவிட்டதோ, அவன் பதில் சொன்ன பிறகோ என்றுதான் சந்தேகம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு “வேண்டாம் சார், ஒரு நிமிஷம்” என்றான். அதற்குள் பிசியோ பையோடு பாதி தூரம் வந்திருந்தார். அவர் உள்ளே வந்துவிட்டால் அடிபட்டவன் வெளியே போயே ஆக வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு, என் சைகை கிடைத்தால்தான் திரும்ப வரலாம்.

இந்த விதியில் விலக்கு இல்லாமல் இல்லை. கோல்கீப்பர் வெளியே போக வேண்டியதில்லை. கீப்பரும் இன்னொருவரும் மோதிக்கொண்டாலும், ஒரே அணிக்காரர்கள் இருவர் மோதிக்கொண்டாலும் போக வேண்டியதில்லை. பெனால்டி அடிக்கப்போவது அடிபட்டவன்தான் என்றால் அவனும் இருக்கலாம். 2016இல் இன்னொன்று சேர்ந்தது: அடித்தவனுக்கு மஞ்சளோ சிவப்போ காட்டியிருந்தால், அடிபட்டவன் மைதானத்திலேயே சட்டென்று சிகிச்சை வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். தப்பு செய்த அணி பதினொரு பேரோடு நிற்க, அடி வாங்கிய அணி பத்துப் பேரோடு ஆடுவது அநியாயம் என்றுதான் இதைக் கொண்டுவந்தார்கள். அதாவது என் பாக்கெட்டிலிருந்து மஞ்சள் வெளியே வந்திருந்தால் 6ஆம் எண் உள்ளேயே இருந்திருப்பான். அட்டை காட்டும்போது தப்பின் அளவை மட்டும்தான் பார்க்க வேண்டும், அப்புறம் என்ன நடக்கும் என்று பார்க்கக் கூடாது. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் புதிதாக வருகிறவர்களுக்கு அதையேதான் சொல்கிறேன்.

6ஆம் எண்ணின் கேப்டன் வந்தான். கத்தவில்லை; கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சார், அடிச்சவன் உள்ளே நிக்கிறான். அடிபட்டவனை வெளியே அனுப்புறீங்க.”

“விதி அப்படித்தான் கேப்டன்.”

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். இதைவிட நல்ல பதில் ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

6ஆம் எண்ணின் அணி ஃப்ரீ கிக்கைக் குட்டையாகத் தட்டி, பந்தைப் பறிகொடுத்தது. எதிரணி பறந்தது, நானும் பின்னால் ஓடினேன். 6ஆம் எண் மைதானத்தின் பக்கக் கோடான டச் லைனில், உள்ளே வர அனுமதி கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றானாம். நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து உதவி நடுவர் ஆஃப்சைடு பார்த்தபடி கடைசி டிஃபென்டரோடு ஓடிக்கொண்டிருந்தார். வெளியே நின்று கவனிக்கும் நான்காவது நடுவரெல்லாம் எங்கள் மட்டத்து ஆட்டங்களுக்குக் கிடையாது. அவன் எத்தனை நொடி காத்திருந்தானோ, தன் கோலை நோக்கி மூன்று பேர் போவதைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே உள்ளே ஓடிவந்து பந்தைத் தட்டிவிட்டான். சுத்தமான டேக்கிள். அவன் அனுமதி இல்லாமல் வந்தவன் என்பது மட்டும்தான் குறை. எதிரணிக்கு நேரடி ஃப்ரீ கிக், அவனுக்கு மஞ்சள். 23வது நிமிடத்தில் ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தான். இரண்டு மஞ்சள், ஆகவே சிவப்பு.

அந்த 23வது நிமிட மஞ்சளையும் சொல்லிவிட வேண்டும். எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தபோது பந்தை நாலடி தள்ளித் தட்டிவிட்டான். ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதற்காக மஞ்சள். புத்தகப்படி சரி. ஆனால் அறுபதாவது நிமிடம் வாக்கில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். “தம்பி, பந்தை வை” என்றதோடு விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் கறாராக இருந்தால் அப்புறம் வாயாலேயே சமாளிக்கலாம் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வது. அது நியாயமா, சோம்பேறித்தனமா என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

கை ஏன் அவ்வளவு சீக்கிரம் உயர்ந்தது என்பதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. 2021இல் நடந்த யூரோ கால்பந்துப் போட்டியில் டென்மார்க் வீரர் எரிக்சன் இதயம் நின்று சுருண்டு விழுந்தபோது நடுவர் ஆண்டனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை உள்ளே வரச் சொன்னார். அதைப் பார்த்த பிறகு, விழுந்தவனிடம் நின்று விசாரிக்கவே எனக்குப் பயம். நல்ல காரணம்தான். ஆனால் அது இதயம், இது கணுக்கால். இந்த வித்தியாசம் தெரியாதவனா நான்?

எதிரணியின் அந்த ஃப்ரீ கிக், ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்ற சுவரில் பட்டுத் தெறித்தது. ஆட்டம் 1-1 என்றே முடிந்தது. கோல் விழுந்திருந்தால் என்னைச் சூழ்ந்துகொண்டு திட்டியிருப்பார்கள், நானும் விதியைச் சொல்லி வாதாடியிருப்பேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. 6ஆம் எண்கூட, கணுக்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தவன், எழுந்து கை கொடுத்தான். அறிக்கையில் ‘நடுவரின் அனுமதியின்றி மைதானத்துக்குள் நுழைந்தார்’ என்று ஒரு வரி எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இன்னோர் ஆட்டம். ஏறக்குறைய அதே மாதிரி ஒரு மிதி, என்னைக் கேட்டால் அதைவிடவும் லேசானது. விழுந்தவன் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். என் கை பாக்கெட்டுக்குப் போனது, மஞ்சளை எடுத்தேன். “இதுக்கா சார்?” என்றான் மிதித்தவன். நான் பதில் சொல்லவில்லை, பிசியோவைப் பார்த்துக் கையசைத்தேன். விழுந்தவன் உள்ளேயே கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து ஆடினான். மஞ்சள் வாங்கியவன் மிச்ச ஆட்டம் முழுக்க என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.