முன்னாவும் முன்னோவும்

9 மார்ச் 2024, சனி

பூசானுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ஆய்வகத்தில் எல்லோரும் என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசுவதால், கொரிய மொழி என் காதில் விழுவது சாலையிலும் சந்தையிலும்தான். எழுத்துகளைக் கற்க நான்கு மாலைப்பொழுதுகள் போதுமானவையாக இருந்தன. மன்னர் சேஜோங் 1446-இல் வெளியிட்ட இந்த எழுத்துமுறையில் தமிழருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. 'பம்பரம்' என்ற சொல்லின் இரண்டு பகரங்களையும் நாம் யோசிக்காமலே வெவ்வேறாக ஒலிக்கிறோம் அல்லவா? முட்டாளைக் குறிக்கும் 'பாபோ' என்ற சொல்லில் அவர்களும் ஒரே எழுத்தை அப்படித்தான் இருவிதமாக ஒலிக்கிறார்கள். வடநாட்டு நண்பர் ஒருவர் இதை ஒரு வாரமாக ஏற்க மறுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே எல்லாப் பெயர்ப்பலகைகளையும் படித்துவிடுகிறேன், ஒன்றும் விளங்குவதில்லை. இன்று சொம்யோன் அருகிலுள்ள பூஜோன் சந்தையில் ஒரு கீரைக்கடை முன் நின்றபோது, அதை நடத்தும் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பம் முன்னா?" என்று கேட்டார். விலை சொல்கிறார் என்று எண்ணி ஐயாயிரம் வொன் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்காமல், பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

11 மார்ச், திங்கள்

ஆய்வகத்தில் விசாரித்ததில், அக்கேள்வியின் பொருள் 'சாப்பிட்டாயா?' என்று தெரிந்தது. 'பப்' என்றால் சோறு; நல் என்பது மையோடு சேர்ந்து நன்மை ஆவதைப் போல, அடுத்து மகரம் வந்ததால் அது 'பம்' ஆகிவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டவரிடம் பணத்தை நீட்டியிருக்கிறேன். நாகர்கோவிலில் பிறந்தவன் செய்யக்கூடிய காரியமா இது?

13 ஏப்ரல், சனி

கொரியருக்கு எண்கள் இரண்டு வரிசை. பொருள்களை எண்ணுவதற்கு ஹானா, துல், செத் என்ற நாட்டு எண்கள். விலைக்கு இல், இ, சம் என்ற சீன வழி எண்கள். மூன்று மணி முப்பது நிமிடம் என்றால், மூன்று நாட்டு வரிசையிலிருந்தும் முப்பது சீன வரிசையிலிருந்தும் வர வேண்டும்.

இன்று இரண்டு கட்டுக் கீரை கேட்பதற்கு 'து தான்' என்று சொல்லாமல் 'இ தான்' என்றேன். பாட்டி ஒரே ஒரு கட்டை எடுத்துத் தந்தார். நான் மீண்டும் 'இ தான்' என்று அழுத்திச் சொல்ல, அவர் அதே கட்டைத் தூக்கிக் காட்டினார். 'இ' என்றால் 'இந்த' என்றும் பொருள் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. தமிழிலும் 'இக்கட்டு' என்று கேட்டிருந்தால் அதுதானே கிடைத்திருக்கும்! இக்கட்டில் மாட்டியது நான்தான்.

கிளம்பும்போது ஒரு கை பச்சை மிளகாயை என் பையில் போட்டு, "தொம்" என்றார். அந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. கொசுறு.

11 மே, சனி

கைப்பேசிச் செயலி, பூண்டு மணம் வீசும் புல் போன்ற கீரைக்குப் 'புச்சு' என்று பெயர் சொல்லிக் கொடுத்தது. அதைக் கேட்டதற்குப் பாட்டி, "ஜொங்குஜி" என்று திருத்தினார். இது பூசானைச் சுற்றியுள்ள கியோங்சாங் வட்டார வழக்காம். அரிசி விஷயமும் இப்படித்தான். அரிசிக்கு 'ஸ்ஸல்' என்று தொண்டையை இறுக்கிச் சொல்ல வேண்டும். இறுக்காமல் 'ஸல்' என்றால் தசை. என்னால் முடியவில்லை என்று செயலி நாள்தோறும் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஆனால் பாட்டியும் அவர் வயதுக்காரர்களும் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். செயலியிடம் தோற்கிறேன், சந்தையில் தேறிவிடுகிறேன்.

21 ஜூன், வெள்ளி

ஆய்வகத்தின் இரவு விருந்து. எனக்கு எதிரில் அறுபது வயதை நெருங்கும் மூத்த பேராசிரியர். எல்லோர் முன்னிலையிலும் முதன்முறையாகக் கொரியத்தில் ஒரு வாக்கியம் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். கீரைப் பணியாரம் சுட்டு என் கையில் ஒரு துண்டைத் தரும்போதெல்லாம் பாட்டி 'மாயி முரா' என்பார்; நிறையச் சாப்பிடு என்பது பொருள். இறைச்சித் தட்டை இரு கைகளாலும் எடுத்து, தலைகுனிந்து, பேராசிரியரிடம் நீட்டி, தெளிவாக "மாயி முரா" என்றேன்.

மேசை ஒரு நொடி அடங்கிப் பிறகு வெடித்தது. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். நான் அவரிடம் பணிவோடு சொன்னது, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதானால், "நல்லாத் தின்னுலே" என்பதுதான். பெரியவர்கள் சிறியவர்களிடமும், நெருங்கியவர்கள் தமக்குள்ளும் பேசும் இந்தப் பேச்சுக்குப் 'பன்மால்' என்று பெயர். நான் சொல்லியிருக்க வேண்டியது 'மானி துஸெயோ'. அதில் உண்பதைக் குறிக்கும் வினைச்சொல்லே வேறு.

இரவு நெடுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பாட்டியிடம் மூன்று மாதம் பேசி நான் கற்றது பாட்டியின் வசனங்களை. ஒரு பேரன் அவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை அவர் எப்படிச் சொல்லித் தர முடியும்? அது அவர் வாயில் வராத பேச்சு.

22 ஜூன், சனி

நடந்ததைப் பாதிக் கொரியத்திலும் பாதிச் சைகையிலும் சொன்னேன். முதுகில் ஓர் அடி கிடைத்தது. பிறகு காய் வாங்காமல் கடையோரம் ஒரு மணி நேரம் நின்று, வாடிக்கையாளர்கள் பாட்டியிடம் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டேன். அப்போதுதான், நான் வெறும் கூவல் என்று நினைத்திருந்த பாட்டியின் குரலும் புதிதாகக் காதில் விழுந்தது: "ஓயிஸோ, போயிஸோ, சாயிஸோ!" வாருங்கள், பாருங்கள், வாங்குங்கள். சகல்சி மீன்சந்தையின் திருவிழாவுக்கும் இந்த மூன்று சொற்களே முழக்கம். பூசான் பேச்சுக்கும் ஒரு மரியாதை விகுதி இருக்கிறது. அதைத்தான் அவர் நாள் முழுவதும் ஊருக்கே கூவிக்கொண்டிருந்தார். பேராசிரியரிடம் 'மாயி துயிஸோ' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இவ்வளவு சிரித்திருக்க மாட்டார்கள்.

3 ஆகஸ்ட், சனி

கடை மூடியிருந்தது, கோடை விடுமுறையாம். பக்கத்து உணவகத்தில் ஒரு பெரியவர் கொதிக்கும் பன்றி எலும்புச் சாற்றை உறிஞ்சி, வியர்வை வழிய, "ஆ, ஷிவொன்ஹாதா!" என்றார். குளுமையாக இருக்கிறதாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னொரு கோடை வேண்டும்.

14 செப்டம்பர், சனி

அறுவடைத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை. கடையில் பாட்டியின் ஆறு வயதுப் பேரன் உட்கார்ந்திருந்தான். நான் பன்மாலில் பேசத் தகுந்த ஆள் ஒருவழியாகக் கிடைத்துவிட்டான் என்று, "மோ முன்னா?" என்று கேட்டேன். 'மோ' என்றால் 'என்ன'. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுவிட்டதாகவே நம்பினேன்.

"உங்" என்றான். ஆமாம். பண்டத்தின் பெயருக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். "உங்!" என்றான், இம்முறை எரிச்சலோடு. அதற்குள் பாட்டி குறுக்கிட்டு, கடைசி எழுத்தை எனக்காக இழுத்து, "மோ முன்னோஓ?" என்றார். பையன் உடனே, "சொங்ப்யொன்" என்றான். திருநாளுக்கென்று செய்யும் அரிசிக் கொழுக்கட்டை.

'ஆ' என்று முடிந்தால் ஆம் இல்லை என்று விடை சொல்லும் கேள்வி. 'ஓ' என்று முடிந்தால் என்ன, எங்கே என்ற விவரம் கேட்கும் கேள்வி. நான் கேட்டது 'ஏதாவது சாப்பிட்டாயா?' என்று, பையன் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறான். 'சாப்பிட்டாயா' என்பதில் ஆகாரத்தைச் சேர்த்து, 'என்ன சாப்பிட்டாய்' என்பதில் அதை விட்டுவிடும் மொழியில் வளர்ந்தவன், ஆறு மாதமாக இந்த ஆகாரத்தைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

9 அக்டோபர், புதன்

எழுத்து நாள், விடுமுறை. சியோலிலிருந்து வந்த ஆய்வு மாணவனிடம் முன்னா, முன்னோ பற்றிக் கேட்டேன். அவர்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே முடிவுதானாம். ஏற்ற இறக்கத்தைக் கொண்டு பிரித்துக்கொள்வார்களாம். ஆனால் சேஜோங் காலத்து, அதாவது 15-ஆம் நூற்றாண்டு நூல்களில், இந்த இருவகைக் கேள்விகளுக்கும் 'கா', 'கோ' என்று தனித்தனி முடிவுகள் உண்டு. தலைநகரம் தொலைத்துவிட்டதைக் கீரைக்கடை வைத்திருக்கிறது. பள்ளியில் பூசான் பேச்சைக் கேலி செய்ததாகச் சொல்லி மாணவன் சற்று வெட்கப்பட்டான்.

ஊரிலிருந்து அழைக்கிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், "கொரிய மொழி தமிழிலிருந்து வந்ததாமே?" என்பதே அவர்கள் கேள்வி. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இலேயே கொரியத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. 'ஒம்மா', 'அப்பா' என்ற இரண்டு சொற்களை வைத்து வம்சாவளி எழுத எனக்கும் மனமில்லை. வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டுவதும் என் உழைப்பில் பாதியைக் குறைத்தன; அந்த நன்றி போதும்.

23 நவம்பர், சனி

கிம்ஜாங் காலம். குளிர்காலத்துக்கான கிம்ச்சியை ஊர் கூடிப் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இது. 2013-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சந்தையில் நடக்க இடமின்றி முட்டைக்கோசு மலைபோல் குவிந்திருந்தது. ஊரிலிருந்து வந்த புளியில் புளியோதரை செய்து எடுத்துப்போயிருந்தேன். இரு கைகளாலும் டப்பாவை நீட்டி, "ஹல்மே, மாயி துயிஸோ" என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

பாட்டி ஒரு வாய் போட்டுக்கொண்டு ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, "ஸெகுரொப்தா!" என்றார், சொல்லிக்கொண்டே அடுத்த வாயையும் எடுத்தார். செயலியில் அச்சொல் இல்லை. சியோல் மாணவனுக்குச் செய்தி அனுப்பினேன். அதற்கு என்ன பொருள் என்று அவன் என்னிடமே கேட்டிருக்கிறான். புளிப்பாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.