மருந்து எழுதும் நேரத்தில் கையில் இருக்க வேண்டிய மரபணு அறிக்கை

மரபணுச் சோதனை என்றால் அரிய நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அன்றாட சிகிச்சையில் அது முதலில் பயன்பட வேண்டிய இடம் மருந்துச் சீட்டுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

5-ஃபுளூரோயுராசில், கேப்சிடபின் ஆகிய புற்றுநோய் மருந்துகளைப் பாருங்கள். இவற்றை உடலில் சிதைக்கும் நொதியை உருவாக்குவது டி.பி.ஒய்.டி. என்ற மரபணு. அதில் குறைபாடு உள்ளவருக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடக்கூடும். வாய்ப்புண்ணும் கடும் வயிற்றுப்போக்கும் வரும், வெள்ளணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தான தொற்றும் ஏற்படலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே இக்குறைபாட்டைச் சோதிக்குமாறு 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைத்தது. பகுதிக் குறைபாடு என்றால் குறைந்த அளவில் தொடங்கலாம். முழுக் குறைபாடு என்றால் அந்த மருந்தையே தவிர்க்க வேண்டும்.

பக்கவிளைவாவது கண்ணுக்குத் தெரியும், மருந்து வேலை செய்யாமல் போவது தெரியாது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கப்படும் குளோபிடோகிரெல், கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதியால் மாற்றம் பெற்ற பிறகே வேலை செய்கிறது. மரபணு மாறுபாட்டால் அந்த நொதி செயல்படாதவர் மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கினாலும் பலன் குறைவு. ரத்தம் உறையும் வரை அது வெளியே தெரிவதில்லை. என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது இதுதான்.

சிக்கல் இருப்பது நேரத்தில்தான். மாரடைப்போடு வந்தவருக்கு இன்றே மருந்து வேண்டும். அறிக்கையோ சில நாள் கழித்து வரும். ஆகவே பல மரபணுக்களை முன்கூட்டியே ஒருமுறை சோதித்து வைப்பதே சரியான வழி. 7 ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 7,000 பேரிடம், 12 மரபணுக்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2023-இல் வெளியான பிரிப்பேர் ஆய்வில், சோதனையின்படி மருந்து பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பக்கவிளைவுகள் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தன. யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவரும் நோயாளியும் அறிந்தே நடந்த ஆய்வு என்பதால், அந்த எண்ணைச் சற்று நிதானத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். திசை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சோதித்து வைத்தால் மட்டும் போதாது. நோயாளியின் கோப்பில் எங்கோ ஒரு பக்கமாகக் கிடக்கும் அறிக்கையை, அவசரத்தில் இருக்கும் மருத்துவர் தேடிப் படிக்க மாட்டார். மருந்தின் பெயரைக் கணினியில் பதியும் அந்தக் கணத்திலேயே எச்சரிக்கை திரையில் வர வேண்டும். நோயாளியிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும், ஏனெனில் மருத்துவமனைகள் மாறும், மரபணு மாறாது.

ஆனால் மரபணு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. வலிநிவாரணியான கோடீனை மார்ஃபினாக மாற்றுவது சி.ஒய்.பி.2டி6 நொதி, மனச்சோர்வுக்கான பாராக்செட்டின் அதே நொதியை முடக்குகிறது. மரபணு அறிக்கையில் இயல்பானவர் என்று இருப்பவருக்கும், இவ்விரண்டையும் சேர்த்து உட்கொண்டால் வலி குறையாமல் போகலாம். அதனால் நோயாளியின் மற்ற மருந்துகள் அனைத்தையும் அறிந்த மருந்தாளுநர், இந்த அறிக்கையை வாசிக்கும் இடத்தில் மருத்துவரோடு அமர்ந்திருக்க வேண்டும் என்கிறேன்.