சென்னை அட்டையோடு பெங்களூரில்

சென்ற வாரம் சென்னையிலிருந்து வந்த தோழியர் இருவர், மெஜஸ்டிக் மெட்ரோ நிலையத்தில் புதிய அட்டை வாங்க வரிசையில் நிற்க முனைந்தபோது நான் தடுத்தேன். அவர்களிடம் இருந்த, 2023இல் அறிமுகமான சிங்காரச் சென்னை அட்டை, நாடு முழுவதற்குமான பொதுப் பயண அட்டை வகையைச் சேர்ந்தது என்பதால், பெங்களூரின் ‘நம்ம மெட்ரோ’விலும் அது செல்லும். ஆனால் இணையத்தில் செலுத்திய தொகை அட்டையின் சில்லில் தானாக ஏறிவிடாது. கவுன்ட்டரில் கொடுத்துப் புதுப்பித்த பிறகே வாயில் திறந்தது. உள்ளே நுழைந்த விவரம் அட்டையிலேயே பதிவாவதால், ஒரே அட்டையில் இருவர் செல்லவும் இயலாது. பேருந்தில் அவர்கள் சங்கடப்படக் கூடாதே என்று இன்னொன்றையும் முன்கூட்டியே சொன்னேன்: கர்நாடக அரசின் சக்தித் திட்டம் தரும் இலவசப் பேருந்துப் பயணம் அம்மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டுமே.