நொதியில்லாக் குளுக்கோஸ் உணரியைத் திட்டப்பணியாகத் தேர்ந்தெடுப்போருக்கு

ஊட்டியில் முதுகலை வேதியியல் படித்தபோது, நிக்கல் ஹைட்ராக்சைடு நானோ தகடுகளைக் கார்பன் மின்முனையில் படியவைத்து, நொதியின்றிச் சர்க்கரையை அளக்கும் உணரியைத் திட்டப்பணியாக எடுத்துக்கொண்டேன். 1962-இல் கிளார்க், லயன்ஸ் என்னும் ஆய்வாளர்கள் முன்வைத்த நொதி மின்முனையின் வழிவந்தவையே இன்றைய குளுக்கோமீட்டர் பட்டைகள். அவற்றிலுள்ள நொதி ஒரு புரதம். வெப்பமும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் நீலகிரியில் ஈரத்தைப் பற்றித் தனியே விளக்க வேண்டியதில்லை.

இத்தலைப்பை எடுப்போர் பெரும்பாலும், எந்த நானோ வடிவம் அதிக உணர்திறன் தரும் என்றே முதலில் தேடுகின்றனர். எந்தக் கரைசலில் அது வேலை செய்கிறது என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரக் கரைசலில் நிக்கல் ஹைட்ராக்சைடு ஆக்சிஜனேற்றமடைந்து நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடாகிறது. அது குளுக்கோஸை குளுக்கோனோலாக்டோனாக மாற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்தச் சுழற்சியில் எழும் மின்னோட்டத்தையே நாம் அளக்கிறோம். இதற்கு ஹைட்ராக்சைடு அயனிகள் தேவை என்பதால்தான் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவில் ஏறத்தாழ 13, பயன்படுத்தப்படுகிறது. இரத்தத்தின் பிஎச்சோ 7.4 மட்டுமே; அதில் இந்தச் சுழற்சிக்குப் போதிய ஹைட்ராக்சைடு இல்லை. தங்கமும் பிளாட்டினமும் நடுநிலைக் கரைசலிலும் செயல்படும். ஆனால் இரத்தத்திலுள்ள குளோரைடு அவற்றின் மேற்பரப்பை அடைத்துக்கொள்ளும். இரத்தத்தில் உங்கள் நிக்கல் உணரி எப்படி வேலை செய்யும் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், இது உடலுக்குள் பொருத்தும் கருவியன்று, இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் காரத்தில் கலந்து வெளியே அளக்கும் முறை என்று நேராகச் சொல்லுங்கள். நூறு மடங்கு நீர்த்தால் 5 மில்லிமோலார் குளுக்கோஸ் 50 மைக்ரோமோலாராகும். செறிவுக்கேற்ப மின்னோட்டம் மாறுவதைக் காட்டும் உங்கள் அளவீட்டுக் கோட்டின் நேர்கோட்டுப் பகுதி அந்த எல்லையில் அமைய வேண்டும்.

பிற பொருள்களும் மின்னோட்டம் தந்து அளவைக் குழப்புகின்றனவா என்று பார்க்கும் குறுக்கீட்டுச் சோதனையில் அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம் ஆகியவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். பாரசிட்டமாலையும், நிக்கல் பரப்பில் எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் ஃபிரக்டோஸையும் சேருங்கள். சாதகமான பொருள்களை மட்டும் சோதித்துத் குளுக்கோஸை மட்டுமே உணரும் தேர்வுத்திறன் உண்டெனக் கோருவது நேர்மையாகாது.

மலையில் பணிபுரிவோர் வெப்பநிலையில் சிறப்புக் கவனம் செலுத்த வேண்டும். குளிர்காலக் காலையில் ஆய்வகம் 25 டிகிரிக்கு வெகு கீழே இருக்கும். குளிரில் கரைசலில் மூலக்கூறுகள் பரவும் விரவல் மெதுவாகி மின்னோட்டம் குறைவதால், காலையில் வரைந்த அளவீட்டுக் கோட்டில் பிற்பகல் மாதிரியைப் பொருத்த முடியாது. மின்முனைகளும் கரைசலும் உள்ள கலத்தை நீர்த்தொட்டியில் நிலையான வெப்பத்தில் வைத்து, ஒவ்வோர் அளவீட்டின் அருகிலும் வெப்பநிலையைக் குறியுங்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சும் சோடியம் ஹைட்ராக்சைடை அன்றன்று புதிதாகத் தயாரியுங்கள்.